மாதிரி மதகின் இடது காது

எங்கள் வட்டைக்குத் தண்ணீர் திறந்துவிடும் மாதத்தில் கல்முனை ஆஸ்பத்திரிக்காரருக்குத் தையல் வேலை கூடும். வெளியூர்க்காரரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. ஒரே வாய்க்காலை நம்பிக் கிடக்கும் வயல்வெளி முழுவதற்கும் வட்டை என்று பெயர். மேல்பாதிக்காரர் முதலில் பாய்ச்சிக்கொள்வார்கள், மிஞ்சியது கீழ்பாதிக்கு. மிஞ்சாத போகத்தில் மண்வெட்டியும் கத்தியும்தான் கணக்குப் பார்க்கும்.

யாருக்கு எப்போது தண்ணீர் என்று தீர்ப்புச் சொல்கிறவர் வட்டை விதானை. ஐம்பதுகளில் அந்தப் பொறுப்பு என் வாப்பாவிடம் இருந்தது. ஒரு போகத்தில் யாரோ திருட்டுத்தனமாக வாய்க்காலை வெட்டித் திருப்பியபோது தடுக்கப் போய், இடது கையில் இரண்டு விரல்களை வரம்பில் விட்டுவிட்டு வீடு வந்தார். வெட்டியவனின் முகம் தெரியவில்லை என்று பொலிசுக்குச் சொன்னார். எனக்கும் அதையேதான் சொன்னார். அவருக்குத் தெரியும். பெயரைச் சொன்னால் நான் போய் அவனுடைய கையையே எடுத்துவிடுவேன் என்பதும் அவருக்குத் தெரியும், அதனால்தான் சொல்லவில்லை.

எனக்கு அப்போது கோபம் மூக்கு நுனியில் இருந்தது. இப்போதும் இருக்கிறது, மூக்குத்தான் தளர்ந்துவிட்டது.

சண்டை வயலோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அது எங்கள் வீட்டு வளவுக்குள்ளேயே குடியிருந்தது. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குத்தான் வீடு; மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். ராத்தாவுக்கு, என் மூத்த சகோதரிக்கு, கலியாணம் முடிந்ததும் கல்வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு, வாப்பாவும் உம்மாவும் நானும் அதே வளவின் மூலையில் ஓலைக் குடில் போட்டு இறங்கினோம். மச்சானுக்கு, அதாவது ராத்தாவின் மாப்பிள்ளைக்கு, வயல் கீழ்பாதியில். எங்களுக்கு மேல்பாதியில். ஒரே கிணற்றில் கை கால் கழுவி உளூச் செய்து, ஒரே பள்ளியில் பக்கத்தில் பக்கத்தில் நின்று தொழுதுவிட்டு, வயலுக்குப் போனதும் மாமாவும் மருமகனும் ஒருவரை ஒருவர் வெட்டத் தேடுவார்கள்.

மச்சான் கெட்டவர் இல்லை. ராத்தாவைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்தார். ஆனால் பயிர் கருகுவதைக் கண்டால் அவருக்கு மனிதர் யாரும் தெரியமாட்டார்கள். ஒருநாள் பகல் சோற்றில் உட்கார்ந்திருந்தவர், மேல்பாதியில் இரண்டாம் முறையும் தண்ணீர் கட்டிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டுச் சோற்றுச் சஹனை அப்படியே முற்றத்துக்கு எறிந்தார். அது வாப்பாவின் காலடியில் வந்து விழுந்தது. வாப்பா மண்வெட்டியை எடுத்தார். ராத்தா அப்போது வயிற்றுப் பிள்ளைக்காரி. இரண்டு பேருக்கும் நடுவில் போய் நின்றாள். வாப்பா ஓங்கிய பிடி அவள் தோளில் விழுந்தது. தோளைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்து, சிந்திய சோற்றை மண்ணிலிருந்து பொறுக்கினாள். அதைப் பார்த்துக்கொண்டு இரண்டு ஆண்களும் கல்லாக நின்றார்கள். நானும்தான்.

இப்படியே போனால் இந்த இரண்டு பேரில் ஒருவர் மற்றவரைக் கொல்வார், ராத்தா வாப்பாவை இழப்பாள் அல்லது மாப்பிள்ளையை இழப்பாள் என்பது அன்றைக்கு எல்லோருக்கும் விளங்கியது. வாப்பாவுக்கும் விளங்கியது. மகளை அடித்த கையை இரண்டு நாள் அவர் சோற்றில் வைக்கவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டு மண்ணில் ஒரு மதகைக் கீறிக் காட்டினார்.

நல்ல யோசனைதான். வாய்க்கால் இரண்டாகப் பிரியும் இடத்தில் ஒரு பலகைக் கதவு. அதன் நடுவே குறுக்காக ஒரு இரும்பு அச்சு. அச்சின் இரண்டு நுனிகளும் இரண்டு பக்கச் சுவரிலும் பதித்த காதுகளில் கிடக்கும். கதவு அந்த அச்சில் சுழன்று திறக்கும். மேல்பாதி ஆள் ஒருவரும் கீழ்பாதி ஆள் ஒருவரும் இரு கரையிலும் நின்று ஒரே நேரத்தில் தள்ளினால்தான் அது அசையும். ஒருத்தன் தனியாக வந்து களவாக வெட்டித் திருப்ப முடியாது. கதவின் கனம், தண்ணீரின் தள்ளு எல்லாம் அந்த இரண்டு காதுகளில்தான் விழும்.

நீர்ப்பாசனக் கந்தோர் எஞ்சினியர் வாப்பாவின் கதையைக் கேட்டுவிட்டு, இரண்டு பாதிக்காரரும் ஒத்து வந்தால் காதுகளைக் கொழும்பில் இரும்பில் வார்த்துத் தரலாம் என்றார். ஒத்து வருவது லேசா? கண்ணால் காணாமல் எங்கள் ஊரில் எவனும் எதையும் நம்பமாட்டான். அதனால் ஆறில் ஒரு பங்கு அளவில் ஒரு மாதிரி மதகு செய்து காட்டுவதென்று தீர்மானமானது. அந்த வேலை என் தலையில் விழுந்தது. உள்நாட்டில் பெரிய அணை கட்டியபோது அங்கே வேலைக்களத்தில் நான் அச்சு வார்க்கும் பகுதியில் வேலை செய்தவன். மரத்தில் உரு செதுக்கி, அச்செடுத்து, வார்த்து, உடைத்துப் பார்ப்பது எனக்குப் பழக்கம்.

கதவுக்கு முதிரைப் பலகை இருந்தது. அச்சுக்கு இரும்புத் துண்டு இருந்தது. காதுகளுக்குத்தான் வழியில்லை. கொல்லனுக்கு வயல் கீழ்பாதியில். எங்கள் வேலையைத் தொடமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொன்னான். ஈயத்தில் வார்த்தேன், பாரம் வைத்ததும் வாயைப் பிளந்தது. ஏதாவது பிசினில்தான் வார்க்க வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

முதலில் எனக்கு அவ்வளவு பயமில்லை. ஆறில் ஒரு பங்கு மதகுக்கு வரும் தண்ணீர் எவ்வளவு, ஒரு குடமளவுதானே என்று நினைத்திருந்தேன். ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளி முற்றத்தில் வாப்பா விசயத்தை எடுத்துச் சொன்னபோது அந்த நினைப்பில் மண் விழுந்தது. கீழ்பாதிக்காரர் எல்லோரும் மச்சானைப் பார்த்தார்கள். மச்சான் எழும்பினார்.

"மாமா, இது விளையாட்டுச் சாமான். இத நம்பி எங்கட வேளாண்மைய விடேலா. இதுல நான் ஏறி நிக்கிறன். தாங்கினா நாங்க எல்லாரும் ஒத்துக்கிறம். தாங்காட்டி நீங்க விதானையுமில்ல, ஒண்டுமில்ல."

"ஏறு மகன்," என்றார் வாப்பா. "ரெண்டு காலையும் வெச்சு ஏறு."

மாதிரி சிறிதாக இருந்தால் அது தாங்கும் பாரமும் சிறிதாகத்தான் இருக்கும், அதில் ஒரு ஆம்பிளை ஏறி நிற்பதற்கும் உண்மையான மதகுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று வீட்டுக்கு வரும் வழியில் வாப்பாவிடம் சொன்னேன். மூன்று விரல் மிஞ்சிய கையால் கன்னத்தில் ஒன்று விட்டார். பள்ளி முற்றத்தில் சொன்ன சொல் சொன்னதுதான், தாங்கும்படி செய் என்றார். மச்சான் சாதாரண ஆளில்லை. நெல் மூட்டையை ஒற்றைக் கையால் வண்டியில் தூக்கிப் போடுகிறவர்.

ஆக என் வேலை இப்போது மதகு செய்வதல்ல. என் உள்ளங்கையில் அடங்கும் இரண்டு காதுகளில் மச்சானை நிறுத்துவது.

தோணிக்காரர் ஓட்டை அடைக்கும் குங்கிலியத்தை வாங்கி, எண்ணெய் விட்டு உருக்கி வார்த்தேன். கண்ணாடி மாதிரி மினுங்கியது, பார்த்தால் ஆசை வரும். வளவில் நின்ற வேப்பமரத்துக் கிளையில் காதைப் பூட்டி, அதில் அச்சைச் செருகி, அச்சில் நெல் மூட்டையைத் தொங்கவிட்டேன். மூட்டை ஒரு தடவை ஆடியது. காது வெடித்துத் தெறித்து, ஒரு சில்லு என் புருவத்தைக் கிழித்தது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அடுத்து அரக்கும் செங்கல் தூளும் கலந்து பார்த்தேன். காலையில் மூட்டையைத் தாங்கியது. வெயில் ஏறியதும் காது நீண்டு, தொங்கி, மூட்டையை மெதுவாக மண்ணில் இறக்கி வைத்தது. நான் அதைச் சம்மட்டியால் அடித்து நொறுக்கினேன். ஒன்றும் செய்யாத அரக்கை எதற்கு அடிக்கிறாய் என்று உம்மா கேட்டா. வேறு யாரை அடிப்பது என்று கேட்டேன்.

கடைசியில் பெட்டியைத் திறந்தேன். அணை வேலைக்களம் கலைந்தபோது, மின்சாரக் கம்பி மூட்டுகளை அடைக்கும் பிசினில் மிஞ்சிய தகரங்களை அங்கிருந்த வெள்ளைக்கார மேற்பார்வையாளர் என்னிடம் தந்திருந்தார். அது இரண்டு தகரம். ஒன்றில் தேன் மாதிரிப் பிசின். மற்றதில் மூக்கைப் பிய்க்கும் நாற்றத்தோடு ஒரு தண்ணீர். அதை நாங்கள் இறுக்கி என்று சொல்வோம். பத்துப் பங்கு பிசினுக்கு ஒரு பங்கு இறுக்கி. தனித்தனியே இருக்கும்வரை இரண்டும் சாது. கலந்தால் சூடேறும், இறுகும், பிறகு கல்.

அவசரத்தில் முதல் தடவை இறுக்கியைக் கொஞ்சம் தாராளமாக ஊற்றிவிட்டேன். சீக்கிரம் இறுகட்டுமே என்ற நினைப்பு. பானை கொதித்தது, புகைத்தது, வெடித்தது. உள்ளே இருந்தது கையில் எடுத்தால் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. அதன் பிறகு சிரட்டையில் கோடு கீறி அளந்துதான் ஊற்றினேன்.

அளவாகக் கலந்த வெறும் பிசின் மூட்டையைத் தாங்கியது. இரண்டாவது மூட்டையை ஏற்றியதும் ஒரு சொல் சொல்லாமல் ஒடிந்தது. ஆற்று மணலைச் சலித்துக் கலந்து பார்த்தேன். அமுக்கினால் பாறை, இழுத்தால் வெறும் பிசினுக்கும் முன்னரே போய்விடும். இந்த உடைப்புகளை உட்கார்ந்து பார்த்துப் பார்த்து எனக்கு மனிதர்களே அப்படித் தெரியத் தொடங்கினார்கள். எச்சரிக்கை இல்லாமல் ஒடிகிறவர் மச்சான். வெயிலில் இளகுகிறவர் வாப்பா, ஆனால் அது வெளியே தெரியாது. எனக்கு வேண்டியிருந்தது வெடித்தாலும் விட்டுவிடாத ஒன்று.

மருதமுனைத் தறிக்காரர் ஒருவர் வாப்பாவுக்குப் பழக்கம். அவரிடம் அறுந்து கழிந்த பருத்தி நூலை ஒரு பை நிறைய வாங்கி வந்தேன். அச்சுத் துளையைச் சுற்றி இழுபடும் இடத்தில் நூலைப் பிசினில் தோய்த்து வரிவரியாகச் சுற்றினேன். சுவரில் பதிந்து அமுங்கும் அடிப்பகுதிக்கு மட்டும் மணல் கலந்த பிசின். அந்தக் காது மூன்று மூட்டைக்குத்தான் முனகத் தொடங்கியது. வெடித்த பிறகும் நூல் பிடித்துக்கொண்டு கிடந்தது. நான் தொங்கிக்கொண்டிருந்த மூட்டைகளைக் கட்டிப்பிடித்துச் சிரித்ததை ராத்தா குசினி வாசலில் நின்று பார்த்தாள். தாங்குமாடா என்று கேட்டாள். தாங்கும் என்றேன். அவள் முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பிசின் கடைசி இரண்டு காதுக்குத்தான் மிஞ்சியது. வலது காதை வார்த்தேன், நன்றாக வந்தது. இடது காதுக்கு அடுத்த நாள் நூலைச் சுற்றி, பிசினைப் பானையில் அளந்து, இறுக்கியைச் சின்னச் சிரட்டையில் அளந்து பக்கத்தில் வைத்தபோது வளவு வாசல் கடப்படியில் கூச்சல். மச்சானின் காக்கா, அவருடைய அண்ணன், ஒரு கூட்டத்தோடு வந்து நின்றார். நான் காதுக்குள் இரும்பை ஒளித்து வைத்து வார்க்கிறேனாம். வாப்பா தடியோடு முன்னே நின்றார். நான் ஓடிப்போய், கேட்கக்கூட இல்லை, அந்த ஆளின் வாயில் குத்தினேன். உதடு பிளந்து இரத்தம் வெள்ளைச் சட்டையில் கொட்டியது. அவருடைய ஆட்கள் என்னை வேலியோடு சேர்த்து மிதித்தார்கள். மச்சான்தான் வந்து பிரித்தார். பிரித்துவிட்டு என்னையும் ஒன்று அறைந்தார்.

திரும்பி வந்தபோது ராத்தா பானைக்குப் பக்கத்தில் குந்தி, கோழிகள் வராமல் காவல் இருந்தாள். இறுக்கியைப் பிசினில் கொட்டிக் கலக்கி வார்ப்பச்சில் ஊற்றினேன். பானை கையைச் சுட்டது. உச்சி வெயில், அதோடு என் இரத்தமும் கொதித்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் எடுத்தபோது மேற்பகுதி கொஞ்சம் பிசுபிசுத்தது. சாம்பல் போட்டுத் துடைத்தேன். மூட்டை தொங்கவிட்டுப் பார்த்து உடைந்தால் வேறு வார்க்கப் பிசின் இல்லை, நாளும் இல்லை.

மாதிரியை வாய்க்கால் தலைப்பில் கொண்டுபோய்ச் சுவர் கட்டிப் பதித்தோம். பார்வைக்கு அவ்வளவு அழகாக இருந்தது. அன்றிரவு இரண்டு பக்கத்திலும் ஒவ்வொருவர் காவல். எங்கள் பக்கத்துக்கு வாப்பாவின் பழைய வயற்காரர். கீழ்பாதிக்கு மச்சானின் காக்கா, தைத்த உதட்டோடு.

ஊரே வந்துவிட்டது. பாதிப் பேர் வயலிலிருந்து நேரே வந்தவர்கள், கையில் மண்வெட்டி. வாப்பா சட்டைக் கையை இறக்கி விரலில்லாத இடத்தை மறைத்துக்கொண்டார். கந்தோரிலிருந்தும் ஒருவர் வந்து குடைபிடித்து நின்றார். மச்சான் சாரத்தை மடித்துக் கட்டினார். பிஸ்மி சொல்லி, சுவரைப் பிடித்து, இடது காலை அச்சின் மேல் வைத்தார். பிறகு வலது கால். கையைச் சுவரிலிருந்து எடுத்தார்.

தாங்கியது. மச்சான் என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. சிரிக்கத் தொடங்கினார் என்றுதான் நான் இன்றைக்கும் சொல்வேன். வாப்பாவின் பக்கம் திரும்ப வாயைத் திறந்தார்.

இடது காது போய்விட்டது. முனகவில்லை, நூல் பிடிக்கவில்லை, ஒன்றுமில்லை. அச்சு ஒரு பக்கமாக எழும்பி, விழுந்த மச்சானின் தொடையில் ஏறிக் கிழித்து மறுபக்கத்தால் வந்தது. அவர் போட்ட சத்தத்தை நான் மனிதரிடம் கேட்டதில்லை. வாய்க்கால் தண்ணீர் சிவந்தது. வாப்பாதான் முதலில் குதித்தார், தூக்குவதற்கு. ஊர் முன்னால் தன்னை முறித்துப் போடத்தான் மாமா ஏற்றினார் என்று மச்சான் அந்த நோவில் நினைத்துவிட்டார்.

"என்னக் கொல்லவா ஏத்தினீங்க மாமா?" என்றார்.

வாப்பா இல்லை மகனே என்று குனிந்தார். மச்சான் கரையில் நின்றவனின் மண்வெட்டியைப் பறித்து, இருந்தபடியே வீசினார். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் விழுந்தது. வாப்பா அப்படியே முழங்காலில் உட்கார்ந்து மச்சானின் மடியில் சாய்ந்தார்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. முதிரைக் கதவைப் பிடுங்கி மச்சானின் முகத்தில் அடித்தேன். பல் உடைந்ததைக் கையில் உணர்ந்தேன். என் முதுகில் யாரோ மண்வெட்டிப் பிடியால் அடித்தார்கள். மேல்பாதியும் கீழ்பாதியும் வாய்க்காலுக்குள் இறங்கி ஒருவரை ஒருவர் சேற்றில் அமுக்கினார்கள். குடைக்காரர் ஓடிவிட்டார். வாப்பாவையும் மச்சானையும் ஒரே லொறியில்தான் கல்முனைக்குக் கொண்டுபோனோம், வேறு லொறி இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்னே வாப்பா மௌத்தாகிவிட்டார்.

மச்சானை ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே பொலிஸ் பிடித்தது. உம்மா குடிலில் விதவைக்குரிய மறைவில் இத்தா இருந்தா. ராத்தா நிறைமாத வயிற்றோடு கல்வீட்டில் தனியே இருந்தாள். அழவில்லை, சாப்பிடவும் இல்லை.

நான் உடைந்த இடது காதை எடுத்துவந்து வைத்திருந்தேன். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உள்ளே மாவாக உதிர்ந்தது. நூல் ஒட்டாமல் தனியே உருவிக்கொண்டு வந்தது. வலது காது கல்லாகக் கிடக்கிறது, இது ஏன் இப்படி? இறுகிய பிசினைத் தீயில் காட்டினால் இப்படிக் கெடும் என்று எனக்குத் தோன்றியது. யார் காட்டியிருப்பார்? காவல் இருந்தவர்தான். எங்கள் வயற்காரர் தூங்கிவிட்டதாக ஒத்துக்கொண்டார். உதடு பிளந்த வஞ்சம், விளக்கைப் பிடித்திருக்கிறார். இதில் எனக்கு ஒரு துளி சந்தேகமும் இருக்கவில்லை. வாப்பாவைக் கொன்றது மச்சான் இல்லை, மச்சானின் காக்கா.

ஒரு காலை சுபஹ் தொழுதுவிட்டு வந்து, வெட்டுக் கத்தியைத் தீட்டி இடுப்பில் செருகி, மேலே சட்டையைப் போட்டேன். அந்த ஆள் வெயில் ஏறுமுன் வயலுக்குப் போகும் பாதை எனக்குத் தெரியும். மனதில் ஒரு குழப்பமும் இல்லை. வெகு நாளுக்குப் பிறகு பசிகூட எடுத்தது. கிணற்றடியில் ராத்தா நின்றாள்.

எங்கே போகிறாய் என்று கேட்டாள். சும்மா என்றேன். என் இடுப்பைப் பார்த்தாள். நான் உள்ளதைச் சொன்னேன்: காதில் கைவைத்தவன் இன்னார், அவனைக் கேட்கப் போகிறேன். தடுப்பாள் என்று நினைத்தேன். அவள் தடுக்கவில்லை. அந்த முகத்தில் முதல்முறையாக உயிர் வந்தது.

"போடா தம்பி. போய்க் கேள். எனக்கு அண்டைக்கே தெரியும், அது தானா உடையல்ல. நான் என்ட கையால பறக்கத்து வெச்ச சாமான்டா அது."

என்ன பறக்கத்து என்று கேட்டேன்.

"நீ அடிபடப் போன நேரம். அந்தச் சின்னச் சிரட்டையில நீ அளந்து வெச்சது கொஞ்சூண்டு கிடந்திச்சு. பிஸ்மி சொல்லி, தகரத்தில இருந்து இன்னும் ஊத்தினன். என்ட மனிசனும் வாப்பாவும் இதுலதானே நிக்கப் போறாங்க எண்டு நிறைய ஊத்தினன். பறக்கத்து வெச்சது உடையுமாடா? அவன்தான் கை வெச்சிருக்கான்."

எங்களூரில் நெல்லை அளந்து முடித்த பிறகு ஒரு கை அள்ளி மேலே போடுவோம். அது கணக்கில் சேராது, பறக்கத்துக்கு, அல்லாஹ்வின் அருள் பெருகுவதற்கு. அரிசி கொடுத்தாலும், கொத்துவேலைக்குச் சுண்ணாம்பு அளந்தாலும், மருந்துக்குத் தேன் ஊற்றினாலும் அப்படித்தான். வழித்துவிட்ட அளவில் கொடுக்கிறவனை மனிதனாகவே எண்ணமாட்டோம். அவளுடைய மாப்பிள்ளையும் வாப்பாவும் பிழைக்க வேண்டும் என்று, அவள் அறிந்த ஒரே வழியில், அவள் கையால் செய்தாள்.

பானை கையைச் சுட்டது நினைவுக்கு வந்தது. பிசுபிசுத்த மேற்பகுதி. இறுக்கி கூடிப்போன முதல் பானை மாதிரியே மாவான உள்பகுதி. தீயும் இல்லை, விளக்கும் இல்லை, வஞ்சமும் இல்லை.

அவளைப் பிடித்து உலுக்கி, அளந்து வைத்ததை எதற்குத் தொட்டாய் என்று கேட்க வேண்டும் போல் இருந்தது. அவள் ஒரு கையை இடுப்பிலும் ஒரு கையை வயிற்றிலும் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் வாயைத் திறந்திருந்தால் அந்தக் கிணற்றில் ஒரே நேரத்தில் இரண்டு உயிர் விழுந்திருக்கும். நான் கிணற்றுக் கட்டில் உட்கார்ந்தேன். கத்தியை எடுத்துக் கீழே வைத்தேன்.

போகல்லையா என்று கேட்டாள்.

"இல்ல ராத்தா. நான் போகல்ல."

அவள் சிறிது நேரம் காத்து நின்றாள், நான் எழும்புவேன் என்று. பிறகு என் முன்னால் மண்ணில் துப்பிவிட்டு உள்ளே போனாள்.

மச்சானுக்கு எதிராக நான் சாட்சி சொன்னேன், கண்டதை மட்டும். சிறைக் காலம் முடிந்து மறியலிலிருந்து அவர் ஒரு கால் இழுத்தபடி வந்தபோது ராத்தா கடப்படியில் நின்று கூட்டிக்கொண்டு போனாள். அவர் ஏமாற்றப்பட்டவர், நோவில் செய்தவர், அவரைத் தூண்டிவிட்ட கை வேறு என்பது அவள் கணக்கு. அவரை அவள் மன்னித்துவிட்டாள். மச்சானின் காக்கா வயதாகிப் படுக்கையில் இறந்தார். அவருடைய மையித்துக்கு நான் போனதைக் கேள்விப்பட்டு ராத்தா என்னோடு கதைப்பதையே விட்டாள். வாப்பாவின் இரத்தத்துக்குக் கேள்வி கேட்காதவன் என்று ஊரும் சொன்னது. கோழை என்று நேரே சொன்னவர்களும் உண்டு. கோழை என்றவனின் பல்லை உடைக்கும் ஆள்தான் நான். அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் கையை மடக்கிக்கொண்டேன். அது எவ்வளவு பாரம் என்று எனக்குத்தான் தெரியும். வாப்பாவின் மதகை எவரும் கட்டவில்லை. வெட்டுக்குத்து தன்பாட்டில் நடந்தது.

கடைசியாக ராத்தா கல்முனை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் போனேன். அவளுடைய மகன் கதிரையை எனக்கு இழுத்துப் போட்டுவிட்டு வெளியே போனான். அவள் என் பக்கம் திரும்பினாள். கோபம் தீர்ந்திருக்கும் என்று நினைத்தேன். தீரவில்லை, கேள்வியாக மாறியிருந்தது.

"அண்டைக்கு ஏன்டா போகல்ல? பயமா?"

"ஓம் ராத்தா," என்றேன். "பயந்திட்டன்."

அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.